பெரிய மார்கோஸ் காலம் பொற்காலமா? பிலிப்பைன்ஸ் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

சிங்கைவாசி

என் பக்கத்து மேசையில் ஒரு பிலிப்பைன்ஸ் அக்கா இருக்கிறார். ஐம்பது வயது, இலோகோஸ் நார்ட்டே மாகாணம். நேற்று மதியம் சாப்பிடும்போது அரிசி விலை பற்றிப் பேச்சு வந்தது. "பெரிய மார்கோஸ் இருந்தபோது நாங்கள் அரிசி ஏற்றுமதி செய்தோம், ரோடு போட்டார், ஆஸ்பத்திரி கட்டினார், அப்புறம் வந்தவர்கள்தான் எல்லாவற்றையும் நாசமாக்கினார்கள்" என்று ஆரம்பித்தார். எதிரே உட்கார்ந்திருந்த மணிலாப் பையன் ஒரு வார்த்தை பேசாமல் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டான். எனக்கு அந்தப் பழைய அதிபர் மார்கோஸ் என்றால் அவர் மனைவி இமெல்டாவின் செருப்பு அலமாரி மட்டும்தான் தெரியும். 1986-ல் துரத்தியடித்த குடும்பத்தின் மகனுக்கே 2022 அதிபர் தேர்தலில் 3 கோடிக்கு மேல் ஓட்டு விழுந்திருக்கிறது என்றால் அந்த அக்கா சொல்வதில் ஏதாவது இருக்குமா?

கணக்குப்பிள்ளை

இருக்கிறது, பாதி. ஏற்றுமதி செய்தது உண்மை. 1973-ல் மசகானா 99 என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார், ஹெக்டேருக்கு 99 மூட்டை நெல் என்பது இலக்கு. புது விதை, உரம், அடமானம் இல்லாத கடன் மூன்றையும் சேர்த்துக் கொடுத்தார்கள். விளைச்சல் ஏறியது, எழுபதுகளின் கடைசியில் கொஞ்சம் அரிசி வெளியேயும் போனது. ஆனால் கடன் திரும்பி வரவில்லை. கொடுத்த கிராம வங்கிகள் வரிசையாக முடங்கின, 1984-ல் திட்டத்தையே மூடிவிட்டார்கள். ஏற்றுமதி செய்த நாலைந்து வருஷத்தை மட்டும் வெட்டி எடுத்துக் காட்டினால் பொற்காலமாகத்தான் தெரியும்.

அந்த அக்காவுக்கு ஐம்பது வயது என்றால் 1986-ல் பத்து, பதினொரு வயது. அதுவும் இலோகோஸ் நார்ட்டே மார்கோஸின் சொந்த மாகாணம். அங்கே ரோடு நன்றாகத்தான் இருந்திருக்கும்!

மற்ற கணக்கையும் பாருங்கள். 1965-ல் பதவிக்கு வந்தபோது நாட்டின் வெளிக்கடன் 100 கோடி டாலருக்கும் குறைவு. 1986-ல் ஹெலிகாப்டர் ஏறி ஓடியபோது சுமார் 2,600 கோடி டாலர். வரும்போது ஒரு டாலருக்கு நாலு பெசோவுக்கும் குறைவு, போகும்போது இருபதை ஒட்டி. 1983 ஆகஸ்டில் எதிர்க்கட்சித் தலைவர் நினோய் அக்கினோவை மணிலா விமான நிலையத்திலேயே சுட்டுக் கொன்றார்கள், அந்த அக்டோபரில் கடனைக் கட்ட முடியவில்லை என்று அரசு கைவிரித்தது. 1984, 1985 இரண்டு வருஷமும் பொருளாதாரம் ஏழு சதவீதத்துக்கு மேல் சுருங்கியது. வளர்ச்சி குறையவில்லை, சுருங்கியது. 1984-ல் விலைவாசி ஒரே வருஷத்தில் சுமார் ஐம்பது சதவீதம் ஏறியது.

பத்தானில் ஒரு அணுமின் நிலையம் கட்டினார்கள், 200 கோடி டாலருக்கு மேல் செலவு. ஒரு யூனிட் மின்சாரம்கூட அதிலிருந்து வரவில்லை. அதன் கடனை மட்டும் 2007 வரை கட்டினார்கள்.

தஞ்சைக்காரன்

அரிசி என்றதும் உள்ளே வந்தேன். நம்மூர் ஐ.ஆர். எட்டு நெல் பிறந்த இடமே அந்த நாடுதானே. மணிலாவுக்குத் தெற்கே லாஸ் பான்யோஸ், சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1960-ல் ஆரம்பித்தது. 1966-ல் ஐ.ஆர். எட்டு வெளிவந்தது. எங்கள் அப்பா இன்றைக்கும் சொல்வார், "மகசூல் கொட்டும், ஆனால் சோறு ஆறினால் விறைத்துப்போகும்" என்று. அப்புறம் ஐ.ஆர். இருபதுக்கு மாறினார்கள். நம்ம எம்.எஸ். சுவாமிநாதன் 1982-லிருந்து 1988 வரை அந்த நிலையத்துக்குத் தலைவராக இருந்தார். அதாவது மார்கோஸ் விழுந்தபோது அவர் அங்கேதான்.

உலகத்துக்கே நெல் விதை கொடுத்த ஊர் இன்றைக்கு உலகிலேயே அதிகம் அரிசி இறக்குமதி செய்யும் நாடாம். இது எப்படி? விவசாயி என்ற முறையில் எனக்கு இது புரியவே மாட்டேன் என்கிறது.

கணக்குப்பிள்ளை

அண்ணா, விதை இருந்தால் போதுமா? வாய்க்கால் வேண்டாமா? வியட்நாமுக்கு மேக்கோங், தாய்லாந்துக்குச் சாவ் பிரயா. இவர்களுக்கு அப்படி ஒரு பெரிய டெல்டா கிடையாது, 7,000 தீவுகளாக உடைந்து கிடக்கும் நாடு. வருஷத்துக்குச் சுமார் இருபது புயல் அந்தக் கடல் எல்லைக்குள் வருகிறது, அதில் பாதி கரையேறுகிறது. ஒரு தீவில் விளைந்த நெல்லை இன்னொரு தீவுக்குக் கொண்டுபோகும் செலவுக்கு வியட்நாம் அரிசியே மலிவு.

அதனால்தான் எந்த அதிபர் வந்தாலும் அரிசியில் மாட்டுகிறார். ராமோஸ் காலத்தில் 1995-ல் தட்டுப்பாடு. அரோயோ காலத்தில் 2008, அதில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு, இந்தியா அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது, வியட்நாமும் கதவைச் சாத்தியது, பிலிப்பைன்ஸ் அரசு பயந்துபோய் எந்த விலைக்கும் வாங்க டெண்டர் விட்டது, அந்த டெண்டராலேயே விலை இன்னும் ஏறி டன் 1,000 டாலரைத் தாண்டியது. டுட்டெர்டே காலத்தில் 2018, தேசிய உணவு ஆணையத்தின் கிடங்குகளில் மலிவு அரிசி தீர்ந்தேபோனது.

அந்த ஆணையமே 1972-ல் மார்கோஸ் போட்ட ஆணையில் பிறந்ததுதான். இறக்குமதி உரிமை முழுக்க அரசின் கையில், எவ்வளவு, எப்போது என்று ஒரு குழு உட்கார்ந்து முடிவு செய்யும். குழு தாமதித்தால் விலை ஏறும், அவசரப்பட்டால் சரியாக அறுவடை நேரத்தில் கப்பல் வந்து நிற்கும். 2019 பிப்ரவரியில் டுட்டெர்டே அதை உடைத்தார். யார் வேண்டுமானாலும் கொண்டுவரலாம், ஆசியான் நாட்டு அரிசிக்கு 35 சதவீத வரி, வசூலில் வருஷத்துக்கு 1,000 கோடி பெசோ விவசாயிக்கு இயந்திரம், விதை என்று திரும்பப் போகும் என்று அப்போது சட்டம் போட்டார்கள். கடையில் விலை ஓரளவு இறங்கியது. வயலில் நெல் விலை அதைவிட வேகமாக விழுந்தது.

தஞ்சைக்காரன்

அது எந்த ஊரிலும் அப்படித்தான் தம்பி.

டாவோ ரிட்டர்ன்

நான் தெற்கே மிண்டனாவோ தீவில், டுட்டெர்டேயின் ஊரான டாவோவில் மருத்துவம் படித்தேன், 2014-லிருந்து 2019 வரை. அதனால் டுட்டெர்டேயைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே பத்திரிகையில் படித்துவிட்டு அவரை ஒரு கொலைகாரனாக மட்டும் பார்க்கிறார்கள். அந்த ஊர்க்காரர்கள் அவரை "தத்தாய்", அதாவது அப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபது வருஷத்துக்கு மேல் மேயராக இருந்தவர். பொது இடத்தில் சிகரெட் பற்றவைக்க முடியாது, பட்டாசு வெடிக்க முடியாது, ராத்திரி ஒரு மணிக்கு மேல் சாராயம் கிடையாது. எங்கள் வகுப்புப் பெண்கள் ராத்திரி பதினோரு மணிக்குத் தனியாக ஜீப்னியில் வந்திருக்கிறார்கள். அதிபரான பிறகு அரசுக் கல்லூரிகளில் கட்டணத்தை ரத்து செய்தார், 2017-ல். எங்கள் வீட்டுக்கார அம்மாவின் மகள் அந்தச் சட்டத்தால்தான் படித்தாள். மொத்த மக்களுக்குமான மருத்துவக் காப்பீட்டுச் சட்டமும் அவர் காலத்தில்தான், 2019.

இன்னொரு வேடிக்கை. அங்கே இந்தியர்களை "பும்பாய்" என்பார்கள். பம்பாய் என்ற ஊர்ப் பேரிலிருந்து வந்தது, மோட்டார் சைக்கிளில் வந்து கந்து வட்டிக்குப் பணம் கொடுக்கும் பஞ்சாபிகளுக்கும் அதுதான் பேர். ஐந்து வாங்கினால் ஆறாகத் திருப்பிக் கொடு, அதனால் அந்தத் தொழிலுக்கே "ஃபைவ் சிக்ஸ்" என்று பேர். 2017 ஆரம்பத்தில் டுட்டெர்டே இவர்களையெல்லாம் பிடித்து நாடு கடத்துங்கள் என்றார். கொஞ்ச நாள் நாங்களே பாஸ்போர்ட் நகலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போனோம். அதற்குப் பதிலாகக் குறைந்த வட்டியில் அரசுக் கடன் என்று ஒரு திட்டமும் போட்டார்கள், ஆனால் சந்தையில் காய் விற்கும் அம்மா காலை ஆறு மணிக்குப் படிவம் நிரப்பிக்கொண்டிருப்பாரா? பும்பாய்தான் மறுபடி வந்தார்.

புளியமரத்தடி

தம்பி, உங்கள் வகுப்புப் பெண்கள் பத்திரமாக வந்தார்கள் என்பதில் சந்தோஷம். அதே வருஷங்களில் மணிலா குடிசைப் பகுதிகளில் ராத்திரி வீட்டை விட்டுப் போன எத்தனை பிள்ளைகள் திரும்பவில்லை? டுட்டெர்டேயின் போதைப்பொருள் ஒழிப்புப் போலீஸ் நடவடிக்கையில் செத்தவர்கள் 6,000-க்கு மேல் என்று அரசே ஒத்துக்கொண்டது, மனித உரிமை அமைப்புகள் சொல்வது அதைப்போலப் பல மடங்கு. 2025 மார்ச் 11 அன்று அவரை மணிலா விமான நிலையத்தில் பிடித்து ஹேக் நகரத்துச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். சிகரெட் பிடிக்காத ஊர் என்பதற்காக இதைத் தள்ளுபடி செய்ய முடியுமா?

டாவோ ரிட்டர்ன்

தள்ளுபடி செய்யச் சொல்லவில்லை ஐயா. அந்த ஊர்க்காரர்கள் ஏன் அப்படி நினைக்கிறார்கள் என்று சொன்னேன். சிறையில் இருந்தபடியே 2025 மே தேர்தலில் டாவோ மேயராக ஜெயித்தார், அதை நானா ஓட்டுப் போட்டு ஜெயிக்க வைத்தேன்?

மராவி நகரத்தில் ஆயுதக் குழுக்களோடு நடந்த சண்டைக்காக 2017 மே 23 அன்று மிண்டனாவோ முழுக்க இராணுவச் சட்டம் போட்டார். 2019 கடைசி வரை அது இருந்தது, நான் பாதிப் படிப்பை அதற்குள்தான் முடித்தேன். ஊருக்குள் நுழையும்போது சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்துவார்கள், ஆண்கள் எல்லாரும் இறங்கி அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையாக நடந்து அந்தப் பக்கம் போய் ஏறவேண்டும். முதல் தடவை கால் நடுங்கியது. பத்தாவது தடவை இறங்கும்போது பாதித் தூக்கம். அதை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது.

நெறியாளர்

சூடு வேண்டாம். இரண்டு பேரும் சொன்னதும் இருக்கட்டும். சிங்கைவாசி கேட்டது பொருளாதாரமும் சட்டமும், அங்கே வாருங்கள்.

வக்கீல் குமாஸ்தா

இராணுவச் சட்டம் என்று வந்ததால் சொல்கிறேன். 1972-ல் மார்கோஸ் போட்ட பிரகடனம் 1081-க்கும் 2017-க்கும் நடுவில் ஒரு அரசியல் சட்டம் இருக்கிறது. மார்கோஸ் போனபின் நினோயின் மனைவி கொரசோன் அக்கினோ அதிபராக வந்ததும் 1987-ல் எழுதிய சட்டம். ஒவ்வொரு பிரிவும் யாரோ சூடுபட்டு எழுதியது போலவே இருக்கும். அதிபருக்கு ஒரே ஒரு தடவை, ஆறு வருஷம், மறுபடி நிற்க முடியாது. இராணுவச் சட்டம் போட்டால் 60 நாள், நாடாளுமன்றம் ரத்து செய்யலாம், சாதாரணக் குடிமகன்கூட உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு "காரணம் உண்மையா" என்று கேட்கலாம். 2017-ல் அப்படி வழக்கும் போட்டார்கள், நீதிமன்றம் அதிபர் பக்கம் சொன்னது, அது வேறு.

ஆனால் சர்வாதிகாரி எழுதிய சட்டங்களை மொத்தமாகத் தூக்கி எறிந்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். மார்கோஸ் 2,000-க்கு மேல் ஆணைகள் போட்டார், பல இன்றும் உயிரோடு இருக்கின்றன. தொழிலாளர் சட்டத் தொகுப்பு 1974-ல் அவர் போட்ட ஆணை எண் 442. கடன் தவணையை நாடாளுமன்றம் ஓட்டெடுக்காமலே முதலில் எடுத்துவைக்க வேண்டும் என்ற ஏற்பாடும் அவர் 1977-ல் போட்டதுதான், கொரசோன் அம்மா அதைத் தொடவில்லை. மார்கோஸ் வாங்கிய கடனை மார்கோஸ் ஆணைப்படியே கட்டினார்கள். ஊழல் வழக்குகளுக்கென்று சண்டிகன்பயன் என்று தனி நீதிமன்றம் இருக்கிறதே, அதை 1978-ல் நிறுவியது யார்? அவரேதான். அதே நீதிமன்றம் 2018-ல் இமெல்டாவுக்கு ஏழு வழக்கில் தண்டனை கொடுத்தது. அவர் ஒரு நாள்கூடச் சிறைக்குப் போகவில்லை.

சிங்கைவாசி

அப்படியென்றால் கொரசோன் அக்கினோ காலம் நல்ல காலமா? எங்கள் மணிலாப் பையனிடம் கேட்டால் அவரையும் ஒன்றும் புகழ மாட்டேன் என்கிறான்.

வக்கீல் குமாஸ்தா

ஏன் புகழவேண்டும்? நிலத்தில் அவர் செய்ததைப் பாருங்கள். 1987 ஜனவரி 22-ல் நிலம் கேட்டு ஊர்வலம் வந்த விவசாயிகளை அதிபர் மாளிகைக்குப் பக்கத்தில் மெண்டியோலா பாலத்தருகே சுட்டார்கள், 13 பேர் செத்தார்கள். பதவிக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. 1988-ல் நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தது, உச்சவரம்பு ஐந்து ஹெக்டேர், பிள்ளைகளுக்கு ஆளுக்கு மூன்று. மார்கோஸ் நெல், சோள நிலத்தை மட்டும் தொட்டார், இது எல்லா நிலத்தையும் தொட்டது, அந்த வகையில் பெரிய சட்டம்தான். ஆனால் நிலத்துக்குப் பதிலாகக் கம்பெனிப் பங்கு கொடுத்தாலும் போதும் என்று ஒரு சந்து வைத்தார்கள். அந்தச் சந்தில் முதலில் நுழைந்தவற்றில் ஒன்று ஹசியெண்டா லூயிசிடா, 6,000 ஹெக்டேருக்கு மேல் கரும்பு. யாருடையது? அதிபர் அம்மாவின் பிறந்த வீடான கொஹுவாங்கோ குடும்பத்துடையது.

நம்மூரில் நில உச்சவரம்பு வந்தபோது நாய்க்கும் பூனைக்கும் பேர் வைத்துப் பட்டா மாற்றினார்கள் என்று கதை சொல்வார்களே, இது பங்குப் பத்திரத்தில் எழுதிய பினாமி.

2004 நவம்பரில் அங்கே வேலைநிறுத்தத்தில் ஏழு பேரைச் சுட்டுக் கொன்றார்கள். கடைசியில் உச்ச நீதிமன்றம்தான் 2011-12-ல் நிலத்தைப் பிரித்துக் கொடு என்றது. அப்போது அதிபர் அந்த அம்மாவின் மகன் நோய்நோய். தீர்ப்புச் சொன்ன நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி கொரோனாவைச் சொத்துக் கணக்கு மறைத்ததாக 2012 மே மாதம் பதவியிலிருந்து நீக்கினார்கள். அவர் சொத்தை மறைத்தது உண்மைதான். பழி வாங்கியது என்று பேசிய ஊர் வாயையும் யாராலும் மூட முடியவில்லை.

கணக்குப்பிள்ளை

நியாயமாக இருக்கவேண்டுமென்றால் நோய்நோய் காலத்தில் கணக்கு நன்றாக இருந்தது என்றும் சொல்லவேண்டும். ஆறு வருஷ சராசரி வளர்ச்சி ஆறு சதவீதத்துக்கு மேல், 2013-ல் நாட்டின் கடனுக்கு முதல் தடவையாக, நம்பி முதலீடு செய்யலாம் என்ற 'முதலீட்டுத் தரம்' மதிப்பீடு கிடைத்தது. 2012-ல் சிகரெட், சாராய வரியை ஏற்றி அந்தப் பணத்தை ஏழைகளின் மருத்துவக் காப்பீட்டுக்குத் திருப்பினார். எனக்குக் கேட்டால் கடந்த முப்பது வருஷத்தில் வந்த வரிச் சட்டங்களில் அதுதான் கெட்டிக்காரச் சட்டம். ஆனாலும் 2022-ல் ஜனங்களுக்கு ஞாபகம் வந்தது அது இல்லை, மணிலா ரயில் வரிசையும் 2013 புயலுக்குப் பிறகு தக்லோபானில் கிடந்த பிணங்களும்தான்.

நடுவில் ராமோஸை யாரும் பேசவே மாட்டேன் என்கிறீர்கள். அவர் வந்த 1992-ல் மணிலாவில் ஒரு நாளைக்கு எட்டு, பத்து மணி நேரம் மின்வெட்டு. தனியாரைக் கூப்பிட்டு, ஓடினாலும் ஓடாவிட்டாலும் காசு என்று ஒப்பந்தம் போட்டு ஒன்றரை வருஷத்தில் வெளிச்சம் கொண்டுவந்தார். அந்த ஒப்பந்தங்களின் பாக்கி மின்கட்டணத்தில் பிறகு ரொம்ப வருஷம் வந்துகொண்டே இருந்தது.

பழைய பேப்பர்

எஸ்ட்ராடாவை விட்டுவிட்டீர்களே. நடிகர், அதிபர், சூதாட்ட மாமூல், பதவி பறிபோனது 2001, தண்டனை 2007, மன்னிப்பும் அதே 2007, அதற்கப்புறம் 2013-ல் மணிலா மேயர். இதற்கு மேல் அந்த நாட்டு அரசியலுக்கு விளக்கம் வேண்டுமா?

நான் 1995-ல் சிங்கப்பூரில் கட்டுமான வேலையில் இருந்தேன். அந்த மார்ச்சில் ஒரு பிலிப்பைன்ஸ் பணிப்பெண்ணைக் கொலைக் குற்றத்துக்காகத் தூக்கில் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை லக்கி பிளாசா பக்கம் போனால் எப்போதும் பாட்டும் சிரிப்புமாக இருக்கும், அந்த வாரம் கூட்டம் இருந்தது, சத்தம் இல்லை. அவர்கள் ஊரில் பெரிய கொந்தளிப்பு, வெளியுறவு அமைச்சர் பதவி விலகினார், ராமோஸ் அரசு ஜூன் மாதத்துக்குள் வெளிநாட்டுத் தொழிலாளர் சட்டத்தை நிறைவேற்றியது. வளைகுடாவிலும் இங்கேயும் வேலை பார்க்கும் நம் ஆட்களுக்கு இப்படி ஒரு சட்டம் வராதா என்று அப்போது நாங்கள் அறையில் பேசிக்கொண்டது ஞாபகம் இருக்கிறது.

கணக்குப்பிள்ளை

அண்ணன் சரியான இடத்தைத் தொட்டார். குமாஸ்தா சொன்னாரே 1974 தொழிலாளர் சட்டம், ஆளை வெளிநாட்டுக்கு அனுப்புவதை அரசு வேலையாக்கியது அதுதான். எண்ணெய் விலை ஏறி டாலர் இல்லாத நேரம், உள்நாட்டில் வேலையும் இல்லை, கொஞ்ச நாளைக்கு என்று ஆரம்பித்தார்கள். இப்போது வருஷத்துக்கு 3,000 கோடி டாலருக்கு மேல் வீட்டுக்கு வருகிறது. மார்கோஸுக்குப் பிறகு வந்த எந்த அதிபரும் அதை நிறுத்த நினைக்கவே இல்லை. கொரசோன் "புதிய வீரர்கள்" என்று பேர் வைத்தார், டுட்டெர்டே 2021-ல் அதற்குத் தனி அமைச்சகமே வைத்தார். சிங்கைவாசி, பொற்காலம் போலப் பேசிய அந்த அக்கா உங்கள் பக்கத்து மேசைக்கு வந்து சேர்ந்ததே அந்தப் பொற்காலத்து ஆணையால்தான்.

சிங்கைவாசி

இதை அவரிடம் சொன்னால் நாளை முதல் எனக்குச் சாப்பாட்டுத் துணை கிடையாது.

சரி, மகன் எப்படி? அவர் கிலோ இருபது பெசோவுக்கு அரிசி தருவதாகச் சொல்லி வந்தவர் என்றார்களே.

புளியமரத்தடி

வந்தார், விவசாய அமைச்சர் பதவியையும் தானே வைத்துக்கொண்டார். 2022 டிசம்பரில் வெங்காயம் கிலோ 700 பெசோவுக்குப் போனது, கறியைவிட விலை அதிகம். 2023 செப்டம்பரில் அரிசிக்கு 41, 45 பெசோ என்று உச்ச விலை வைத்தார், கடைக்காரர்கள் நட்டம் என்று அலறினார்கள், ஒரு மாதத்தில் எடுத்துவிட்டார். 2024-ல் இறக்குமதி வரியை 35-லிருந்து 15-ஆகக் குறைத்தார். 2025 மே மாதம் சில மாகாணங்களில் இருபது பெசோ அரிசி வந்தது, மானியத்தில்.

நடுவில் மஹார்லிகா என்று ஒரு அரசு முதலீட்டு நிதி, 2023 ஜூலை. அரசு வங்கிகளிடமிருந்து 7,500 கோடி பெசோ எடுத்துப் போட்டார்கள். பேரைக் கவனியுங்கள். இரண்டாம் உலகப் போரில் தான் நடத்தியதாக அப்பா சொல்லிக்கொண்ட கொரில்லாப் படையின் பேரும் மஹார்லிகாதான், அது போலி என்று அமெரிக்க இராணுவம் அப்போதே எழுதிவைத்தது. வேறு பேரே கிடைக்கவில்லையா?

2025-ல் வெள்ளத் தடுப்பு ஊழல். மூன்று வருஷத்தில் 54,500 கோடி பெசோவுக்குத் திட்டங்கள், அதில் ஐந்தில் ஒரு பங்கு 15 ஒப்பந்தக்காரர்கள் கையில். இதை வெளியே சொன்னதே சின்ன மார்கோஸ்தான், அதுதான் விசித்திரம். செப்டம்பர் 21 அன்று மணிலாவில் பெரும் கூட்டம் திரண்டது. அப்பா கையெழுத்துப் போட்ட இராணுவச் சட்டத்தின் தேதி அது.

டாவோ ரிட்டர்ன்

அந்த இருபது பெசோ அரிசி யாருக்கெல்லாம் கிடைக்கிறது? எங்கள் வீட்டுக்கார அம்மாவுக்கு இப்போது அறுபத்து மூன்று.

கணக்குப்பிள்ளை

முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள், தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்கள், அரசு உதவித்தொகை வாங்கும் ஏழைக் குடும்பங்கள், இவர்களிலிருந்துதான் ஆரம்பித்தார்கள். அவருக்கு வயது சரியாக இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்.

டாவோ ரிட்டர்ன்

நேற்று ராத்திரி போன் போட்டேன். "அதை எதற்கு வாங்கவேண்டும், நான் டினோராடோதான் சாப்பிடுவேன்" என்றார். அப்புறம் மார்கோஸைத் திட்டினார், டுட்டெர்டேக்காக மெழுகுவர்த்தி ஏற்றியதாகச் சொன்னார், எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார்.

தஞ்சைக்காரன்

டினோராடோ என்ன ரகம் தம்பி? சன்னமா, மோட்டாவா?

டாவோ ரிட்டர்ன்

மேட்டு நிலத்து ரகம் அண்ணா, மழையை நம்பி விதைப்பது. வேகும்போது தெருவே மணக்கும். மகசூல் குறைவு, அதனால் விலை ஜாஸ்தி. ஆறினாலும் விறைக்காது, உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள்.